பெயர் பொறிக்காத பழைய பித்தளைத் தூண்டில் ரீல்: யார் செய்தது, எவ்வளவு பெறும்?

கேள்வி (குன்னூர் வாசகி):

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கு அருகில் இருந்த ஒரு பழைய தேயிலைத் தோட்ட பங்களாவின் பொருள்கள் விற்பனைக்கு வந்தபோது, ஒரு தகரப் பெட்டியோடு சேர்த்து, தூண்டில் கயிற்றைச் சுற்றிவைக்கும் ஒரு பித்தளை ரீலையும் வாங்கினேன். அதன் எந்தப் பக்கத்திலும் பெயரோ, ஊரோ, முத்திரையோ என் கண்ணில் படவில்லை. இரண்டு வட்டத் தகடுகளை நான்கு சிறு தூண்கள் இணைக்கின்றன. தகட்டின் குறுக்களவு 101 மில்லிமீட்டர், தகடுகளுக்கு இடைப்பட்ட அகலம் 45 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 620 கிராம். கைப்பிடி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கரமாக இல்லை. முகப்பில் பதிந்து சுழலும் ஒரு வட்டத் தட்டின் விளிம்போரத்தில், வெண்மஞ்சள் நிறத்தில் ஒரு குமிழ் மட்டும் பொருத்தப்பட்டிருக்கிறது. சுழற்றினால் இரு திசைகளிலும் கடகடவென்ற ஒலி எழுகிறது. தூண்டில் கழியில் பொருந்தும் பாதத்தின் ஒரு முனை மட்டும் அரத்தால் தேய்க்கப்பட்டதுபோல் மெலிந்திருக்கிறது. உள்ளே இற்றுப்போன பட்டுக் கயிறு சிறிது சுற்றியிருக்கிறது.

இதைப் பார்த்த ஒரு பழம்பொருள் வியாபாரி, குமிழ் யானைத் தந்தம் என்றும், பெயர் இல்லாததால் இது மிகப் பழமையானது என்றும் சொல்லி விலை பேசினார். வேறொருவரோ, இது அண்மையில் வடநாட்டில் செய்த அலங்காரப் பொருள் என்கிறார். இது எங்கே, எந்தக் காலத்தில் செய்யப்பட்டது? பெயர் இல்லாத ரீலுக்கு மதிப்பு உண்டா? இதைத் துலக்கி வைக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (பழந்தூண்டில் சேகரிப்பாளர்):

வணக்கம் அம்மா. நீங்கள் அளவுகளையும் கைப்பிடியின் அமைப்பையும் தெளிவாக எழுதியிருப்பதால், படம் இல்லாமலேயே இதன் வகையைச் சொல்லிவிட முடிகிறது. சேகரிப்பாளர்கள் இதனைத் தட்டுக் கைப்பிடி ரீல் என்றும், பெரும்பாலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரப் பட்டறைகளிலிருந்து வந்ததால் பர்மிங்ஹாம் வகை என்றும் குறிப்பிடுவார்கள். இதற்கு முந்தைய பித்தளை ரீல்களில் அச்சின் நுனியிலிருந்து வளைந்த கரம் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மீன் இழுத்து ஓடும்போது தளர்ந்த கயிறு அந்தக் கரத்தில் சிக்கிக்கொள்ளும். கரத்தையே ஒரு வட்டத் தட்டாக மாற்றி, அந்தத் தட்டை விளிம்புக்குள் பதித்துவிட்டால் கயிறு சிக்குவதற்கு இடமில்லை. இந்த அமைப்பு இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி, முதல் உலகப் போருக்குப் பின்னரும் மலிவு வகைகளில் சில காலம் நீடித்தது. ஆகவே, உங்கள் ரீல் உண்மையானதாக இருந்தால், ஏறத்தாழ 1880க்கும் 1920க்கும் இடைப்பட்டது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயர் இல்லாததாலேயே மிகப் பழமையானது என்று அந்த வியாபாரி சொன்னதை ஏற்க வேண்டாம். உண்மையிலேயே மிகப் பழைய ரீல்களைக் காட்டிக்கொடுப்பது அவற்றின் பாதம். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கழியை வளையமாகக் கவ்விப் பிடிக்கும் பாதமோ, கழியைத் துளைத்துச் செல்லும் ஆணி போன்ற பாதமோ இருந்தது. நீங்கள் விவரிக்கும் நீண்ட தட்டைப் பாதம், கழியில் உலோக வளையங்கள் பொருத்தும் வழக்கத்தோடு நிலைபெற்றது.

பெயர் இல்லாததற்குக் காரணம் அக்கால வணிக முறையில் இருக்கிறது. பர்மிங்ஹாமிலும் ரெட்டிச்சிலும் இருந்த பட்டறைகள் ரீல்களை மொத்தமாகச் செய்து, முகப்பை வெறுமையாக விட்டு, ஊர் ஊராக இருந்த தூண்டில் கடைகளுக்கு அனுப்பின. கடைக்காரர் விரும்பினால் தம் பெயரையும் முகவரியையும் பொறித்துக்கொள்வார். விரும்பாவிட்டால் அப்படியே விற்றுவிடுவார். எனவே பழைய ரீலில் காணும் பெயர்களில் பல, செய்தவருடையவை அல்ல, விற்றவருடையவை. 1872இல் இங்கிலாந்தின் ஆன்விக் நகரில் தொடங்கிய புகழ்பெற்ற தூண்டில் நிறுவனமான ஹார்டி சகோதரர்கள்கூட இதே தட்டு வகை ரீல்களைத் தம் பெயர் பொறித்து விற்றிருக்கிறார்கள். உங்கள் ரீலைச் செய்த பட்டறையின் பெயரை இன்று யாராவது அடித்துச் சொன்னால், அதற்கு என்ன சான்று என்று கேளுங்கள். வடிவ ஒற்றுமை மட்டும் சான்றாகாது.

ஆயினும், முத்திரை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அது ஒளிந்திருக்கக்கூடிய இடங்களைப் பார்த்துவிட வேண்டும். பாதத்தின் அடிப்புறம், தட்டின் கீழ் மறைந்திருக்கும் முகப்பு, பின்தகட்டின் உட்புறம், கயிறு சுற்றும் உருளையின் விளிம்பு ஆகியவற்றைக் கவனியுங்கள். இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கைத் தகட்டோடு தகடாகப் படுக்க வைத்து ஒளி பாய்ச்சினால், தேய்ந்துபோன எழுத்துகளின் நிழல் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தும் பார்க்கலாம். லண்டன் ஸ்டிராண்டு வீதியின் 191ஆம் எண்ணில் இருந்த ஃபார்லோ கடையைப் போல, முகவரியோடு பொறித்தவர்களும் இருந்தார்கள். கடைகள் இடம் மாறிய ஆண்டுகள் தெரிந்திருப்பதால், ஒரு வீதி எண் கிடைத்தால் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் சுருக்கிவிடலாம். கல்கத்தாவின் மாண்டன் போன்ற துப்பாக்கி வணிகர்களும் தூண்டில் கருவிகள் விற்றிருக்கிறார்கள். ஆதலால் இந்திய ஊர்ப் பெயர் ஒன்று தென்பட்டாலும் வியப்பதற்கில்லை.

மறுமொழி (கடைசல் பட்டறைக்காரர், கோவை):

பழமையானதா, அண்மையில் செய்ததா என்ற ஐயத்தை உலோக வேலையை வைத்தே பெரும்பாலும் தீர்த்துவிடலாம் என்பதால் எழுதுகிறேன். கைவினைப் பொருளாக விற்கப்படும் புதிய பித்தளை ரீல்கள் நம் நாட்டிலேயே ஏராளமாகச் செய்யப்படுகின்றன. பழையவை என்ற பேச்சோடு வெளிநாட்டு இணையச் சந்தைகளிலும் அவை கைமாறுகின்றன. அவற்றில் தகடுகள் மணல் வார்ப்பின் சொரசொரப்போடு இருக்கும், அல்லது அந்தச் சொரசொரப்பை மறைக்க மிகையாக மெருகேற்றப்பட்டிருக்கும். உருளை அச்சில் ஆடும். கருமை அமிலத்தால் ஏற்றப்பட்டதாகையால் மேடு பள்ளம் எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். பழைய பட்டறை வேலையில் தகடு கடைசல் இயந்திரத்தில் பிடித்துக் கடையப்பட்டிருக்கும். சாய்வான ஒளியில் உட்புறத்தில் மையத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். உருளைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவே இடைவெளி இருக்கும்.

திருகாணிகளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தலையிலுள்ள வெட்டு குறுகலாகவும், சில நேரம் மையத்திலிருந்து சற்று விலகியும் இருந்தால் நல்ல அறிகுறி. கூட்டல் குறி வடிவ வெட்டு இருந்தால், அந்தத் திருகாணியாவது 1930களுக்குப் பிந்தியதுதான். ஃபிலிப்ஸ் திருகாணி அப்போதுதான் சந்தைக்கு வந்தது. பழைய பட்டறைகளில் ஒவ்வொரு திருகாணியும் அதற்குரிய துளைக்கே பொருந்துமாறு கையால் சரிசெய்யப்பட்டதால், திருகாணியின் அடியிலும் துளையின் ஓரத்திலும் இணையான புள்ளிகளையோ கீறல்களையோ போட்டுவைப்பார்கள். அவை இருந்தால் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள். திருகாணியின் மரை, பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த்திலோ, அறிவியல் முன்னேற்றத்துக்கான பிரிட்டிஷ் சங்கம் 1884இல் பரிந்துரைத்த சிறு அளவிலோ, அந்தப் பட்டறைக்கே உரிய அளவிலோ இருக்கலாம். இன்றைய மெட்ரிக் திருகாணியை வலிந்து முடுக்கினால் பித்தளைத் துளையின் மரை அழிந்துவிடும். பிறகு எவராலும் அதை முன்பிருந்தபடி மீட்க முடியாது.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மெய்யாகப் பயன்பட்ட ரீலில் குமிழ் சுழலும் ஊசியின் அடி, அச்சுத் துளை, கழியின் வளையம் உரசிய பாத முனைகள் ஆகியவை தேய்ந்து, மற்ற இடங்கள் கூர்மையாக இருக்கும். கண்டபடி எல்லா இடத்திலும் தேய்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

துலக்குவது பற்றிக் கேட்டீர்கள். தயவுசெய்து புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் பித்தளைப் பசை எதையும் தொட வேண்டாம். குத்துவிளக்குக்கு அது பொருந்தும். இங்கே அது நூறு ஆண்டு நிறத்தையும், தேய்ந்த முத்திரை ஏதேனும் இருந்தால் அதன் கடைசி விளிம்பையும் சேர்த்து எடுத்துவிடும். அம்மோனியா கலந்த துப்புரவு நீர் இன்னும் கெடுதல். உள்ளே இறுக்கம் தேங்கியிருக்கும் பித்தளை அம்மோனியா பட்டால் வெடிப்பு விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கி ரவைகளின் பித்தளை உறைகள் வெடித்ததற்கு, குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். உங்கள் ரீலுக்கு மென்மையான தூரிகையால் தூசு தட்டி, பச்சைக் களிம்பு இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பட்டுக் கயிறு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதைக் கழற்றித் தனி உறையில் வையுங்கள், எறிந்துவிட வேண்டாம்.

மறுமொழி (சட்டம் பயின்றவர்):

குமிழ் தந்தம் என்றால் விலை கூடும் என்று வியாபாரி சொன்னது, உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடிய பேச்சு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் யானைத் தந்த வணிகத்தைத் தடை செய்திருக்கின்றன. பழையது என்பதற்காக அந்தத் தடை தளர்வதில்லை. இங்கிலாந்திலும் 2018ஆம் ஆண்டின் தந்தச் சட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. 1947க்கு முந்தையதாகவும் பொருளின் மொத்தக் கன அளவில் தந்தம் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருந்தால் மட்டும், பதிவு செய்த பின் விற்கலாம் என்பது அங்குள்ள விலக்குகளில் ஒன்று. ஆகவே விலை பேசுவதற்கு முன்னதாகக் குமிழ் எதனால் ஆனது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய வழியை நாட வேண்டாம். குமிழ் செல்லுலாய்டாக (பழைய வகைப் பிளாஸ்டிக்) இருந்தால் தீப்பற்றும்; வேறு எதுவாக இருந்தாலும் வடு விழும். பூதக்கண்ணாடி போதும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டு முகத்தில், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் வலைப்பின்னலாகத் தெரியும். எலும்பில் அந்த வலை இராது; இரத்த நாளங்கள் சென்ற வழி சிறு கரும்புள்ளிகளாகவும், பக்கவாட்டில் மெல்லிய கீற்றுகளாகவும் தெரியும். தந்தத்தைப் போலச் செய்த செல்லுலாய்டில் கோடுகள் அளவெடுத்ததுபோல் ஒரே சீராக, இணையாக ஓடும். கொம்பு என்றால் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும்; அடுக்கடுக்காகப் பிரியும்.

இன்னொன்றும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. உங்கள் ரீல் எந்தப் பக்கம் விழும் என்பதை நாமே தீர்மானித்து அஞ்சலில் போட்டுவிட முடியாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்ற சான்று பெற்றால்தான் வெளிநாட்டு ஏலத்தைப் பற்றி நினைக்கலாம்.

மறுமொழி (குன்னூர் வாசகி):

மூவருக்கும் மிகுந்த நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். திருகாணிகள் அனைத்தும் ஒற்றை வெட்டுடையவை. சுழலும் தட்டின் நடுவே உள்ள பெரிய திருகாணியின் பக்கத்தில், அதன் விளிம்பைக் கவ்வியபடி மிகச் சிறிய இன்னொரு திருகாணி இருக்கிறது. அருகிலிருக்கும் கடிகாரம் பழுது பார்ப்பவர் எதையும் வலிந்து திருப்பாமல் பின்தகட்டைக் கழற்றித் தந்தார். உட்புறத்தில் வட்டக் கடைசல் கோடுகள் தெளிவாக உள்ளன. தகட்டின் ஓரத்திலும் ஒரு தூணின் நுனியிலும் இரண்டிரண்டு கீறல்கள் ஒத்திருக்கின்றன. ஒலி எழுப்பும் பகுதியில், அச்சில் ஒரு சிறு பற்சக்கரமும், அதன் பற்களில் இடறும் ஒரு நாக்கும், அதை நடுவில் நிறுத்தும் நீலம் பாய்ந்த எஃகு வில்லும் இருந்தன. வில் முறியவில்லை. பாதத்தின் அடிப்புறத்தில் 4 என்ற எண் மட்டும் பொறித்திருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை. குமிழின் முகத்தில் வலைப்பின்னல் கோடுகள் இல்லை. கரும்புள்ளிகளும் குறுங்கீற்றுகளும் இருக்கின்றன. கம்பிபோல் மெல்லிய வெடிப்பு ஒன்றும் உண்டு.

மறுமொழி (நீலகிரி வரலாற்று வாசகர்):

இந்த ரீல் இம்மலையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு அளவே ஒரு குறிப்பைத் தருகிறது. நீலகிரி என்றவுடன் டிரவுட் மீனைத்தான் நினைப்போம். 1860களில் மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே அந்த மீனை இங்கே கொண்டுவர முயன்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகே அது நிலைத்தது. ஆனால் டிரவுட் பிடிப்பவர் இத்தனை கனமான, இத்தனை அகலமான ரீலைப் பெரும்பாலும் தேடமாட்டார். மலையிலிருந்து இறங்கினால் பவானி, மாயாறு, சற்று அப்பால் கபினி, காவிரி. அங்கே இருந்தது மகசீர் என்ற பெரிய ஆற்று மீன். 1946இல் கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மகசீர் 120 பவுண்டு எடை என்று பதிவாகியிருக்கிறது. அத்தகைய மீன் இழுத்துக்கொண்டு ஓடும் நீளத்துக்குக் கயிறு வேண்டும். நாலங்குல ரீல் அதற்குப் பொருந்தும். பிரிட்டனில் சால்மன் மீனுக்குச் செய்த அளவும் அதுவே. பங்களாவில் குடியிருந்தவர் பெயரில் மீன்பிடி உரிமச் சீட்டோ, குறிப்பேடோ, கடைப் பற்றுச்சீட்டோ அந்தத் தகரப் பெட்டியில் இருக்கிறதா என்று தாள் தாளாகப் பாருங்கள். 1877இல் தொடங்கிய நீலகிரி வேட்டைக் கழகம் மீன்வளத்தையும் கவனித்து வந்ததால், அது தொடர்பான துண்டுச் சீட்டுகூடப் பொருளுள்ளது.

மறுமொழி (பழந்தூண்டில் சேகரிப்பாளர்):

அம்மா, இப்போது உறுதியாகவே சொல்கிறேன்: இது அலங்காரத்துக்காகச் செய்த புதிய பொருள் அன்று. கடைசல் கோடுகளும் இணைக் கீறல்களும் நீலம் பாய்ந்த வில்லும் ஒருசேரப் போலிகளில் அமைவதில்லை. நடுத்திருகாணி தானாகக் கழன்றுவிடாமல் காக்கும் அந்தச் சிறு பூட்டுத் திருகாணி, செய்தவர் மலிவாக முடித்துத் தள்ளவில்லை என்பதையும் காட்டுகிறது. 4 என்பது அங்குல அளவு; 101 மில்லிமீட்டர் அதனோடு ஒத்துப்போகிறது. கரும்புள்ளிகளை வைத்துப் பார்த்தால் குமிழ் எலும்பாகவே தோன்றுகிறது. இருந்தாலும் விற்பதாக இருந்தால், அதை நேரில் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். செய்த பட்டறை தெரியாத பர்மிங்ஹாம் வகைத் தட்டு ரீல், நாலங்குலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி அல்லது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகள். இதுவே நேர்மையான விவரிப்பு. இதற்கு மேல் ஒரு பெயரைச் சேர்ப்பது ஊகம்.

மதிப்பைப் பொறுத்தவரை, இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காமல், விற்று முடிந்த தொகையை மட்டும் பாருங்கள். ஷ்ரோப்ஷயரின் முல்லாக்ஸ், அமெரிக்காவின் லேங்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் தூண்டில் பொருள்களுக்கென்றே ஏலம் நடத்துகின்றன. அவற்றின் முடிவுப் பட்டியல்கள் நல்ல அளவுகோல். பெயரில்லாத பித்தளைத் தட்டு ரீல்கள் அங்கே பெரும்பாலும் சில பத்துப் பவுண்டுகளுக்கே போகின்றன. நூறு பவுண்டைத் தாண்டுவது அரிது. இதே வடிவத்தில் ஹார்டி பெயர் இருந்திருந்தால் அதைப்போலப் பல மடங்கு. 1890களில் ஹார்டி முழுப் பித்தளையில் செய்த பெர்ஃபெக்ட் என்ற ரீல் என்றால் ஆயிரக்கணக்கான பவுண்டு. இந்த இடைவெளியே சிலரை வெறும் ரீல்களில் பிற்பாடு முத்திரை குத்தத் தூண்டுகிறது. பழைய நிறத்தைக் கிழித்துக்கொண்டு பளபளக்கும் எழுத்து என்றால் ஐயப்பட வேண்டும்.

உங்கள் ரீலில் விலையைக் குறைப்பவை இரண்டு: அரத்தால் தேய்த்த பாதமும், குமிழின் வெடிப்பும். பாதத்தைத் தேய்த்தது, தம் கழியின் வளையத்துக்குள் அது நுழைவதற்காக முன்னைய உடைமையாளர் செய்த வேலையாக இருக்கலாம். பழைய ரீல்களில் இதை அடிக்கடி காண்கிறோம். பித்தளையை ஒட்டி மறுபடி நீட்ட முயல வேண்டாம், வெடிப்பைப் பசையால் அடைக்கவும் வேண்டாம். விலையைக் காப்பவை முறியாத வில்லும், மாற்றப்படாத திருகாணிகளும், துலக்காத நிறமும். இங்கேயோ வாங்குவோர் மிகச் சிலர். வெளிநாட்டுக்கு அனுப்புவதில் மேலே நண்பர் சொன்ன தடைகளும் செலவும் இருக்கின்றன. ஆகையால் உள்நாட்டில் சில ஆயிரம் ரூபாயை ஒருவர் நியாயமாகத் தர முன்வந்தால் அதை ஏமாற்று என்று எண்ண வேண்டாம். லட்சக் கணக்கில் பேசினால் குமிழைப் பற்றிய பொய் அதில் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் விற்கச் சொல்ல மாட்டேன். நீலகிரி நண்பர் சொன்ன தாள்களில் ஒன்று கிடைத்தாலும், பெயரில்லாத இந்த ரீல் இன்ன ஆற்றில் இன்னார் பயன்படுத்தியது என்று ஆகிவிடும். பட்டறை முத்திரை தராத மதிப்பை அது தரும். எனவே தகரப் பெட்டியையும் பட்டுக் கயிற்றையும் ரீலிலிருந்து பிரிக்காமல் வைத்திருங்கள். எப்போது, எந்த வீட்டிலிருந்து வாங்கினீர்கள் என்பதை நாளிட்டு ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அதனுள்ளேயே வையுங்கள். பாதத்தின் அடிப்புறம், உட்தகடு, குமிழின் முகம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு படம் எடுத்து இங்கே இட்டால், பற்சக்கரத்தின் அமைப்பை வைத்துக் காலத்தை இன்னும் சற்று நெருக்க முடியுமா என்று பார்க்கிறேன்.